இரண்டு அம்புக்குறி போட்ட கல்

போன மாதம் ஒரு காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அந்த நேரத்து போன் நல்ல சேதி கொண்டுவராது என்பது என் எண்ணம். என் மனைவி எடுத்துவந்து கையில் கொடுப்பதற்குள் யார் யாருக்கு என்னென்ன ஆகியிருக்கலாம் என்று ஒரு சுற்று நினைத்து முடித்துவிட்டேன். பேசியவர் தினேஷ். நான் வேலைபார்த்த ஆய்வுக்கூடத்தில், நான் ஓய்வுபெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்தவர்.

"சார், பழைய ஸ்டோர் ரூமைக் காலி பண்றோம். புது மெஷின் வருது, இடம் வேணும். ஒரகடம்னு எழுதின ஒரு பெட்டி கீது சார். அதுல இருக்கிற கல்லுல எல்லாம் ரெண்டு ரெண்டு அம்புக்குறி. ஒண்ணு கருப்பு, ஒண்ணு சிவப்பு. எது சார் கரெக்டு? தப்பா எடுத்த கல்லுன்னா தூக்கிப் போட்டுர்றோம்."

"போட்டுராதீங்க" என்றேன். வாயில் நுரை. "ரெண்டும் கரெக்டுதான்."

"அது எப்டி சார், ஒரு கல்லு ரெண்டு பக்கம் பாக்கும்?"

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அதற்கும் பயம், எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதியதை யார் படிப்பார்கள் என்று. "உங்களுக்குப் பயப்பட ஒண்ணும் இல்லைன்னா, ஏன் ஒண்ணும் இல்லைன்னு பயப்படுவீங்க" என்று என் மனைவி சொல்லிவிட்டுப் போனாள். சரி, எழுதுகிறேன்.

நான் படிப்பை நிறுத்தியதும் குன்றத்தூரில் ஒரு போர்வெல் லாரியில் சேர்ந்தேன். பாறையில் துளை போடத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். நேர்முகத்தில் உட்கார்ந்திருந்தவர் பிலோமினா மேடம். அவர் கேட்ட முதல் கேள்வி, "நீங்க பயப்படுற ஆளா?"

பொய் சொல்ல முடியவில்லை. "ஆமாங்க மேடம்" என்றேன்.

"நல்லது. தைரியசாலிங்க ரெண்டு பேரு வந்து எனக்கு நிறைய கல்லை உடைச்சுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க."

அப்படித்தான் வேலை கிடைத்தது.

அங்கே என்ன செய்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நெருப்புக் குழம்பாக இருந்த பாறை ஆறி இறுகும்போது, அதற்குள் இருக்கிற இரும்புச் சத்துள்ள நுண்ணிய துகள்களில், அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தத் திசை உறைந்துவிடும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் அந்த இழுப்பு தரையோடு படுத்திருக்கும். துருவத்தை நோக்கிப் போகப்போகச் சரிந்துகொண்டே போய், துருவத்தில் செங்குத்தாக நிற்கும். ஆகவே கல்லுக்குள் உறைந்த காந்தம் எவ்வளவு சரிந்திருக்கிறது என்று அளந்தால், அந்தக் கல் பிறந்தபோது இந்த நிலம் பூமத்திய ரேகையிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்று சொல்லலாம். நாம் நின்றுகொண்டிருக்கும் இந்தத் தரை வேறெங்கோ இருந்து வந்தது. இதை முதன்முதலில் கேட்ட அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் காலைத் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்தேன்.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கல் பிறந்த இடத்திலேயே பிறந்த மாதிரியே படுத்திருக்க வேண்டும். அது எப்படிப் படுத்திருந்தது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது வெறும் ஜல்லி.

அதனால் என் வேலையில் பாதி துளை போடுவது, மீதி பாதி பயப்படுவது. பெட்ரோலில் ஓடும் கைமெஷின். அதன் முனையில் வைரத்தூள் பதித்த குழாய். அது சூடாகாமல் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இறக்கினால், பாறைக்குள் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பருமனான ஓர் உருளை, அடியில் மட்டும் பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மெஷினை எடுத்தவுடன் மூச்சை அடக்கிக்கொள்வேன். அந்த உருளைமேல் ஒரு செப்புக் குழாயைப் போர்த்துவோம். குழாயில் நீளவாக்கில் ஒரு வெட்டு இருக்கும். மேலே சின்ன மேடை. அதில் சாய்வுமானியும் காம்பஸும். சாய்வையும் திசையையும் படித்துக்கொண்டு, வெட்டு வழியாகப் பித்தளைக் கம்பியை விட்டு உருளைமேல் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பித்தளை உளியால் நெம்பி உடைத்து எடுக்கலாம். கோடு கிழிப்பதற்கு முன்னால் உருளை உடைந்து குழிக்குள் சுழன்றுவிட்டால் முடிந்தது. அது எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது என்பதைக் கடவுளாலும் சொல்ல முடியாது. எடுத்த உருளைமேல் கருப்பு மையில் ஓர் அம்புக்குறி போட்டு, துணியில் சுற்றி, பெட்டியில் வைப்போம்.

காம்பஸ் பக்கத்தில் இரும்பு ஆகாது. மேடம் புடவைக்கு ஊக்கு குத்தமாட்டார், நூலால் ஒரு தையல் போட்டுக்கொள்வார். காலில் கான்வாஸ் ஷூ. படித்த எண்ணை உரக்கச் சொல்வார், எழுதுகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திட்டமாட்டார், அதே எண்ணை அதே குரலில் மறுபடியும் சொல்வார். திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கும். யாராவது "அது இப்படித்தான் மேடம்" என்று அடித்துச் சொன்னால் தலையைச் சாய்த்து, "யாரு சொன்னா?" என்பார். அந்த ஒரு கேள்விக்கு அஞ்சாத ஆள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கிடையாது.

என் கையில் குதிரை லாடத்தில் செய்த ஒரு கருப்பு மோதிரம். ஏழரைச் சனிக்கு அம்மா போட்டுவிட்டது. துளை போடும் நேரத்தில் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து ஜீப்பில் வைத்துவிடுவேன். கழற்றியிருக்கும் நேரத்தில் சனி பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு பயம். கழற்ற மறந்துவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில்தான் என் உத்தியோகம் ஓடியது.

இனி 1991. அப்போது மேடத்திடம் வாசுகி என்று ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ரயிலில் வருவார். அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. வாசுகியின் உதவித்தொகை அந்த ஆண்டோடு முடிகிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இந்த வருஷம் முடிக்கலைன்னா அப்புறம் முடிக்கவே விடமாட்டாங்க அண்ணே" என்று என்னிடம் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து அந்தப் பெண்ணுக்காகவும் சேர்த்துப் பயப்பட ஆரம்பித்திருந்தேன்.

அவருடைய ஆராய்ச்சி, ஒரகடம் பக்கம் நிலத்தைக் கீறிக்கொண்டு சுவர் மாதிரி ஓடும் ஒரு கருப்புப் பாறையைப் பற்றியது. பூமிக்குள் விரிசலில் ஏறி ஆறிய குழம்பு அது. அந்தச் சுவரில் பல இடங்களில் துளை போட்டோம். இரண்டு இடங்கள் போயின, எப்போதோ இடி விழுந்து அந்தக் காந்தத்தைக் குழப்பியிருந்தது. நல்லபடி வந்த இடங்களில் எல்லாம் காந்தம் கிட்டத்தட்ட செங்குத்தாக நின்றது. மிச்சம் கடைசி இடம், ஒரு கல் குவாரியின் வாயில். அங்கே பாறை முழுக்க வெடி வைத்து நொறுங்கிக் கிடந்தது. துளை போட்டால் பிஸ்கட் மாதிரி துண்டுதுண்டாக வந்தது. முழுசாக நின்றது ஒரே ஒரு கல்தான். ஆள் உயரம், கரையான் புற்றும் கருவேல முள்ளும் மூடி, அந்தச் சுவரின் தொடர்ச்சி மாதிரியே நின்றது. மேடம் சுற்றிவந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தாய்ப்பாறை மாதிரி கணீரென்றது. பிப்ரவரியில் அதில் துளை போட்டேன். எல்லா உருளையும் முழுசாக வந்தன. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். அதுவே அபூர்வம்.

அளந்து பார்த்தால், அந்தக் கல்லில் காந்தம் படுத்துக்கிடந்தது. எல்லா உருளையும் ஒரே குரலில் அதையே சொல்லின.

வாசுகிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அண்ணே, இது வேற வயசுப் பாறை. ஒண்ணு பொறந்தப்போ நிலம் துருவத்துப் பக்கம், இன்னொண்ணு பொறந்தப்போ பூமத்திய ரேகையில. ஒரே இடத்துல ரெண்டு காலம்!" என்றார். அப்பாவிடமும் சொல்லிவிட்டாராம். மேடம் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுத் தலையைச் சாய்த்தார்.

"ரெண்டு காலம்னு யாரு சொன்னா?"

வாசுகியின் முகம் வாடிவிட்டது. எனக்குத் துளை போட்ட நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்கு மோதிரம் கையில் இருந்ததா? கழற்றினதாகத்தான் நினைவு. ஆனால் நினைவை எப்படி நம்புவது? மேடத்திடம் போய் நின்று, "என் மோதிரத்தாலதான் கெட்டுப்போச்சு மேடம்" என்றேன்.

மேடம் காம்பஸை எடுத்து மேசையில் வைத்தார். மோதிரத்தை வாங்கி, துளை போடும்போது என் கை இருக்கும் தூரத்தில் பிடித்தார். முள் லேசாக நடுங்கி நின்றது. காம்பஸுக்கு மிக அருகில் கொண்டுபோனபோதுதான் திரும்பியது.

"இந்த மோதிரம் இந்தியாவைத் திருப்பாது ஏகாம்பரம். போய்ச் சாப்பிடுங்க." பிறகு வாசுகியைப் பார்த்து, "ஒரு கல்லுல எடுத்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சண்டை போட்டா, கல்லு கெட்டிருச்சுன்னு விட்டுரலாம். உள்ளுக்குள்ள ஒத்துமையா இருந்து, பக்கத்து வீட்டோட மட்டும் சண்டைன்னா, நாம யாரையோ கேக்காம விட்டுட்டோம்னு அர்த்தம். மறுபடி போறோம். காரணம் தெரிஞ்சா வச்சுக்கலாம். தெரியலைன்னா அந்த இடத்தை எடுத்துரணும்" என்றார்.

அந்த இடத்தை எடுத்துவிட்டால் வாசுகிக்குப் போதுமான இடங்கள் தேறாது. ஆராய்ச்சியே நின்றுபோகும். அது மூன்று பேருக்கும் தெரியும்.

அதற்குள் மே மாதம் வந்துவிட்டது. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். பிறகு அந்தச் சாலையில் எங்கே பார்த்தாலும் போலீஸ். வெடிமருந்துக்கு ஏகப்பட்ட கெடுபிடி. எங்கள் குவாரியிலும் வெடி வைப்பதை நிறுத்தி வைத்திருந்தார்கள். எங்கள் ஜீப்பிலோ பெட்ரோல் கேன், மெஷின், செப்புக் குழாய், பேட்டரி, ஒயர். நான் கும்பிடாத தெய்வமில்லை. மண்ணூர் தாண்டியதும் ஒரு ஏட்டையா கை காட்டி நிறுத்தினார்.

"இன்னா பைப்பு இது?"

"கல்லு எந்தத் திசையில கீதுன்னு பாக்குறதுங்க ஐயா."

"கல்லு எங்கய்யா போவப்போவுது, திசை பாக்குறதுக்கு?"

"போயிருக்குங்கய்யா" என்றேன். பயத்தில் வாயில் வந்தது அதுதான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மேடம் இறங்கிவந்து கடிதத்தைக் காட்டிப் பேசியபிறகு விட்டார். "இவரை வெய்யில்ல ரொம்ப நிக்க வைக்காதீங்கம்மா" என்று அக்கறையாகச் சொல்லி அனுப்பினார்.

குவாரி வெறிச்சென்று கிடந்தது. மேஸ்திரி துரை மட்டும் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். "நல்ல நாளுல வந்தீங்கோ. மருந்துக்கு ஆர்டர் வந்துட்ச்சு. நாளைக்கு இந்தப் பக்கம் பூரா வெடி. இன்னைக்கு இன்னா வேணுமோ பாத்துக்குங்க" என்றார்.

நாங்கள் கல்லின் பக்கத்தில் பெட்டியைக்கூடத் திறந்திருக்க மாட்டோம், பின்னாலிருந்து ஒரு குரல்.

"இன்னாய்யா பண்ணி வச்சிக்கீறீங்க எங்க முதக்கல்லுல?"

அஞ்சலை என்று பெயர். ஜல்லி உடைக்கிறவர். ஐம்பது வயது இருக்கும். பிப்ரவரியில் நாங்கள் வந்தபோது மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாராம். நான் போட்ட துளைகளுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். திரும்பி எங்களைப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் தேவலை என்று இருந்தது.

"சாமிங்களா இது? பொட்டு ஒண்ணும் இல்லியேம்மா" என்றேன்.

"பொட்டு வைக்க யாரு கீறா? எல்லாரும் வேற குவாரிக்குப் பூட்டாங்கோ. நான் ஒருத்திதான். பொட்டு இல்லைன்னா பொம்பளையையும்தான் சாமி இல்லைன்னுவீங்க, போங்கய்யா."

மேடம் கான்வாஸ் ஷூவைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அவர் எதிரில் வந்து நின்றார். "தெரியாம பண்ணிட்டோம். கேட்டிருக்கணும். முதக்கல்லுன்னா என்னம்மா?"

அவர் கேட்ட விதத்தில் அஞ்சலைக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. சொன்னார். புதுசாக ஒரு குவாரி திறந்தால் முதலில் பிளக்கிற கல்லை விற்கமாட்டார்கள். அதை வாசலில் கிழக்குப் பார்த்து நிமிர்த்தி நட்டு, மஞ்சள் பூசிப் படையல் போட்டுவிட்டுத்தான் அடுத்த கல்லில் கை வைப்பார்கள். உள்ளே இறங்குகிறவர்களுக்கு அது காவல். இந்தக் கல்லைப் பிளந்தவர் அவருடைய மாமனார்.

"நிமிர்த்தி நட்டதா?" வாசுகி கல்லைத் திரும்பிப் பார்த்தார். "அப்போ இது இங்கயே இருந்த பாறை இல்லியா?"

"பாறை தானா எழுந்து நிக்குமாம்மா? படுத்துக்கினு இருந்ததைத்தான் தூக்கி நிறுத்துனாங்கோ."

படுத்திருந்த கல்லை நிமிர்த்தினால், அதற்குள் நின்றிருந்த காந்தம் படுத்துவிடும். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. இரண்டு காலமும் இல்லை, புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. வாசுகி கல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தப் பெண்ணின் கையிலிருந்த ஒரே முழுக் கல்லும் போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

மேடம் மட்டும் விடவில்லை. "பிளக்குறப்போ நெருப்பு மூட்டினாங்களா?"

கல்லைச் சூடாக்கியிருந்தால் பழைய காந்தம் கெட்டிருக்கும்.

"பெரிய பாறைக்கு மூட்டுவாங்கோ. முதக்கல்லுக்கு நெருப்பே காட்டக்கூடாது. குழி வெட்டி மர ஆப்பு அடிச்சு, தண்ணி ஊத்தி, ஊறிப் பிளக்கணும். கற்பூரம்கூட எட்டக்கதான்."

"எந்த இடத்துல பிளந்ததுன்னு தெரியுமா?"

"தெரியாம இன்னா? அதோ, தண்ணி ஓரத்துல படி மாதிரி கீற அந்தப் பாறை. எங்க மாமனாருக்கு அப்பவே ஒரு கண்ணுல பூ விழுந்துருந்துச்சு. ஒரு குழியைக் கோடு தாண்டி வெட்டிப்புட்டாரு. கல்லு அந்த எடத்துல கோணலாப் பிளந்துருச்சு. எங்க வூட்டுக்காரரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." நிறுத்திவிட்டு, "அவரு வெடியில பூட்டாரு. வெடி வந்தப்புறம்தான் யாரும் இதுக்குப் படையல் போடலை" என்றார்.

மேடம் அந்தப் படி வரைக்கும் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மேடம் கேட்டது பெரிய கேள்வி. கல்லைத் தோண்டி எடுத்து அடிப்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். படியின் ஓரத்தில் இருக்கும் ஆப்புக்குழிகளும் கல்லின் அடியில் இருக்கும் குழிகளும் பொருந்தினால், கல் எப்படிப் படுத்திருந்தது என்று தெரிந்துவிடும். இந்தப் பெண்ணின் படிப்பு அதில்தான் இருக்கிறது என்றும் மறைக்காமல் சொன்னார்.

அஞ்சலை வாசுகியைப் பார்த்தார். "கல்லு பொறந்த ஊரைக் கண்டுபுடிச்சு இன்னாம்மா பண்ணப்போற, அதுக்கு ரேஷன் கார்டு வாங்கப்போறியா?"

அந்த நிலையிலும் வாசுகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடுத்துக்கோ. ஆனா நாளைக்கு வெடிக்கு இதை விட்டுட்டுப் போவக்கூடாது. ரோட்டோரம் என் கொட்டா கீது. அங்க நடணும். இப்போ எப்படி நிக்குதோ அப்படியே நிக்கணும். எங்க மாமனாரு நிறுத்துன மாதிரி. கொஞ்சம் தெற்க சாஞ்சிருக்கு பாரு, அதுவும் அப்படியேதான்."

"அப்படியே நிறுத்துறோம்" என்றார் மேடம். அவர் வாக்குக் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மேஸ்திரி துரை முனகிக்கொண்டே நான்கு ஆட்களையும் முக்காலியும் சங்கிலிக் கப்பியும் கொடுத்தார். கல் அசைவதற்கு முன்னால் மேடம் என்னை ஒரு காரியம் செய்யச் சொன்னார். நான் போட்ட துளைகளுக்குள் செப்புக் குழாயை விட்டு, சாய்வையும் திசையையும் மறுபடி படித்தோம். பிப்ரவரியில் படித்ததேதான் வந்தது. மோதிரம் கைக்குட்டையில் இருந்தது, மூன்று முறை பார்த்துக்கொண்டேன்.

கல் மேலே எழுந்தது. சங்கிலி அறுந்து யார் காலிலாவது விழும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது, மண் உதிர்ந்த அடிப்பக்கத்தின் ஓரத்தில், பாதிப் பாதியாக வரிசையாக ஆப்புக்குழிகள். ஒன்று மட்டும் கோடு தாண்டி, அந்த இடத்தில் கல் புடைத்துக்கொண்டு இருந்தது.

அஞ்சலை கை தட்டிச் சிரித்தார். "பாத்தியா, கெழவன் வேலையை!"

படிக்குப் போனோம். பாறை விரிசல் விட்டிருந்தது, ஆனால் ஓரம் நகரவில்லை. அங்கே அதே வரிசை, மீதிப் பாதிக் குழிகள். புடைப்பு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம். பழுப்புத் தாளை விரித்து அடுப்புக்கரியால் தேய்த்துக் குழிகளைப் படியெடுத்தோம். தாளில் வடக்கைக் குறித்தோம். தாளைக் கொண்டுவந்து கல்லின் அடியில் வைத்தால் குழிக்குக் குழி உட்கார்ந்தது. கல்லின் ஒரு பக்கம் வெயில் பட்டுப் பழுத்துத் தோல் மாதிரி இருந்தது. படுத்திருந்தபோது வானத்தைப் பார்த்த பக்கம் அதுதான். இனி ஐயமில்லை. கல் எப்படித் திரும்பியது என்பது முழுசாகக் கையில் வந்துவிட்டது.

வாசுகி தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "இப்பவே கணக்குப் போட்டுப் பாக்கலாமா மேடம்?"

"முதல்ல கல்லை நடுங்க."

ரோட்டோரம் அஞ்சலையின் கொட்டகைப் பக்கம் டிராக்டரில் கொண்டுபோய்க் குழியில் இறக்கியபோது, ஆட்களுக்குச் சீக்கிரம் முடித்துக்கொண்டு போனால் போதும் என்று இருந்தது. நானும் வாசுகியும் விடவில்லை. துளைக்குள் செப்புக் குழாயைச் செருகி, காம்பஸைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்" என்றேன். கடப்பாரையால் நெம்பினார்கள். "ரொம்பப் போயிருச்சு, கொஞ்சம் இடப்பக்கம்."

"யோவ், சாமிக்கே இவ்ளோ கணக்குக் கெடையாதுய்யா" என்றார் துரை.

"கல்லுக்கு ஜோசியம் பாக்குறாரு, சும்மா இரு" என்றார் அஞ்சலை.

கருப்பு அம்புக்குறி போட்ட அன்று படித்த எண்ணும், அப்போது படித்த எண்ணும் ஒன்றாக வந்தபிறகுதான் கடப்பாரையை எடுக்கவிட்டேன். மேடம் எண்ணை உரக்கச் சொன்னார். வாசுகி திருப்பிச் சொன்னார். அஞ்சலை எட்ட நின்று ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரு முறை சுற்றி வந்தார். "ம், அதேதான்" என்றார். எனக்கு அந்த 'ம்' எந்த மெஷின் சொன்னதைவிடவும் பெரிசாக இருந்தது.

மறுநாள் அந்தப் படி வெடியில் போய்விட்டது.

ஆய்வுக்கூடத்தில் மேடம் ஒரு முறை வைத்திருந்தார். விடை எப்படி வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டே கணக்குப் போடக்கூடாது. காந்தத் திசைகளைக் குறித்த தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, கல் எப்படித் திரும்பியது என்பதை மட்டும் தனியாக எழுதி வாங்கிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிறகுதான் இழுப்பறையைத் திறந்தார். வட்டம் வரைந்த வலைத்தாள்மேல் டிரேசிங் தாளைப் பித்தளை ஆணியில் குத்தி, வாசுகி மெதுவாகத் திருப்பினார். புள்ளி புள்ளியாக எடுத்து நகர்த்தினார். எனக்கு அந்த வலைக்கணக்கு முழுசாகப் புரியாது. ஆனால் ஓரத்தில் தனியாகக் கிடந்த புள்ளிகள் ஒவ்வொன்றாக நடுவுக்கு வந்து, மற்ற இடத்துப் புள்ளிகளோடு கலந்து உட்கார்ந்தது தெரிந்தது. கடைசிப் புள்ளி உட்கார்ந்ததும் வாசுகி பென்சிலை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

மேடம் தாளைப் பார்த்தார். தலையைச் சாய்த்தார். 'யாரு சொன்னா?' வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"கெழவர் நல்லாத்தான் வெட்டியிருக்காரு" என்றார். சிவப்பு மையை எடுத்து என்னிடம் நீட்டி, கல் படுத்திருந்த நிலையைக் காட்ட எல்லா உருளையிலும் இரண்டாவது அம்புக்குறியைப் போடச் சொன்னார். "கருப்பை அழிக்கட்டுமா மேடம்?" என்று கேட்டேன்.

"எதுக்கு? அதை வச்சுத்தானே அந்த அம்மாவுக்குக் குடுத்த வார்த்தையைக் காப்பாத்தினோம்."

அந்த ஆண்டு முடிவதற்குள் வாசுகி முடித்துவிட்டார். மாப்பிள்ளை அதற்குப் பிறகுதான் வந்தார். கல்யாணத்துக்கு அஞ்சலையும் வந்திருந்தார். வாசுகியின் அப்பாவிடம், "உன் பொண்ணு எங்க சாமியைப் படுக்க வச்சுத்தான் பாஸ் பண்ணிச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தினேஷ் போன் செய்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டும் சரி என்று சொல்லிவிட்டேனே, கருப்பு இன்னும் சரிதானா? இத்தனை கம்பெனிகள் வந்திருக்கின்றன, சாலையை எத்தனை முறை அகலப்படுத்தியிருப்பார்கள். போன வாரம் பழைய காம்பஸைப் பையில் போட்டுக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். அஞ்சலையின் கொட்டகை இல்லை. அவரும் இல்லை. ஒரு கம்பெனி மதில் நேராக வந்து, அந்த இடத்தில் மட்டும் உள்வாங்கி வளைந்து போகிறது. வளைவுக்குள் கல் நின்றது. மஞ்சளும் பொட்டுமாக. நான் போட்ட துளைகளில் ஊதுபத்தி செருகியிருந்தது.

ஷிப்டுக்குப் போகிற ஒரு பெண், கம்பெனிச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக, கற்பூரத்தைக் கல்லிலிருந்து எட்டத் தள்ளிக் கீழே தரையில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா எட்ட ஏத்துற?"

"இதுக்கு நெருப்பு ஆவாதுன்னு எங்க ஆயா சொல்லும் தாத்தா. நீங்க இன்னா தேடுறீங்கோ?"

காம்பஸைக் காட்டினேன். மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தேன். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா" என்றேன். ஊதுபத்தியை எடுத்துவிட்டு, துளை பார்க்கும் திசையில் காம்பஸை ஏந்தி, முள் நிற்கும்வரை காத்திருந்தேன். அந்த எண் எனக்கு மனப்பாடம். உரக்கச் சொன்னேன். திருப்பிச் சொல்ல ஆளில்லையே என்று நினைக்கும்போதே, என்ன ஏது என்று தெரியாமல், அந்தப் பெண் அதைத் திருப்பிச் சொன்னாள்.

தினேஷ், பெட்டியைத் தூக்கிப் போடாதீங்க. கருப்பு இன்னும் சரியாகத்தான் இருக்கிறது.